பிங்கியின் ஆபரேஷனும் பீன்யாவுக்குப் போன போனும்

“யஜமானரு எங்கம்மா?” என்று கம்பவுண்டர் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. எனக்கு முன்னால் ஒரு ஸ்டீல் மேஜை. அதன் மேல் மூன்று கிலோகூட இல்லாத பிங்கி. ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்ததால் காலையிலிருந்து அவளுக்குத் தண்ணீர்கூட வைக்கவில்லை. அவள் நடுங்கிய நடுக்கத்தில் நகங்கள் மேஜைத் தகட்டில் டக டக என்று அடித்துக்கொண்டிருந்தன.

“நான்தான் நாயோட ஓனர்,” என்றேன்.

அவர் தடுப்பூசி அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஓனர் பெயர் என்று அச்சிட்டிருந்த இடத்தில் நீல மையில் ‘ஏழுமலை’ என்று இருந்தது. என் வீட்டுக்காரர் பெயர்.

“இவரு வந்து ஃபாரத்துல சைன் ஹாக்கணும்மா. கர்ப்பப்பை எடுக்குறதுன்னா சும்மாவா? நாளைக்கு அவரு வந்து கலாட்டா பண்ணா யாரு பதில் சொல்றது?”

பெங்களூரில் ராஜாஜிநகர் பக்கம் இருந்த சின்ன கிளினிக் அது. டெட்டால் வாசனையும் ஈர நாய் வாசனையும் கலந்து வரும். முதல் தடுப்பூசியிலிருந்து அன்றைய தேதி வரை பிங்கியை அங்கே தூக்கிக்கொண்டு போனவள் நான். பஸ்ஸில் கண்டக்டர் கண்ணில் படாமல் ஒயர் கூடைக்குள் வைத்து, மேலே ஒரு டவலைப் போட்டு, அதற்கும் மேலே இரண்டு கட்டுக் கீரையை வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். என் வீட்டுக்காரர் அந்தக் கிளினிக் இருக்கிற தெருவைக்கூடப் பார்த்தது கிடையாது.

அட்டையில் அவர் பெயர் எப்படி வந்தது? முதல் நாள் இதே கம்பவுண்டர் “வீட்டுக்காரர் பேரும்மா?” என்று கேட்டார். நானும் சொல்லித் தொலைத்தேன். ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லிப் பழகிய வாய். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கக்கூட இல்லை.

இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன். இப்போதும் காது மடல் சுடுகிறது.

யாருக்கும் வேண்டாத குட்டி

அப்போது நாங்கள் ஒக்கலிபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஸ்டேஷனுக்கு வருகிற ரயில்கள் எங்கள் பாத்திரங்களை ஆட்டிவிட்டுத்தான் போகும். வீட்டுக்காரருக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் வேலை. எனக்கு ஊதுவத்திக் கம்பெனியில் பேக்கிங். இரண்டு பெண்கள், ஒருத்தி ஐந்தாவது, ஒருத்தி மூன்றாவது.

என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து பேக்கிங் செய்தவள் மேரி. அவள் வீட்டு பாமரேனியன் நாலு குட்டி போட்டது. மூன்றை வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நாலாவதை யாரும் தொடவில்லை.

“சாந்தி, இத்த எவனும் வாணாங்கறான். எலிக்குட்டி மாரி கீதாம். நீ இட்டுக்கினு போ. உன் பொண்ணுங்களுக்கு ஒரு தங்கச்சி மாரி இருக்கும்,” என்றாள்.

அந்த வருஷங்களில் பெங்களூரில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு வெள்ளைப் பாம் குரைக்கும். டி.வி., ஃபிரிட்ஜ், பாம் என்று வரிசையாக வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு முன்னால் பிங்கி வந்துவிட்டாள். ஊதுவத்தித் தூள் படிந்த என் முந்தானையை முகர்ந்து பார்த்து இரண்டு தும்மல் போட்டாள். பிறகு அதன்மேலேயே சுருண்டு தூங்கிவிட்டாள்.

லேத் மெஷின் மேல் கை

ஆயுத பூஜையன்று பீன்யாவைப் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புச் சுருளுமாகக் கிடக்கிற ஷெட்டுகள் அன்றைக்குக் குளித்துத் துடைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் வாழைக்கன்று, செவ்வந்திச் சரம், குங்குமம். வாசலில் உடைத்த பூசணிக்காயை மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அன்று மட்டும்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். அப்பாவின் மெஷினுக்குப் பொட்டு வைப்பதற்காகவே என் பெண்கள் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வருவார்கள்.

அந்த வருஷம் பெரியவள் சூப்பர்வைசரிடம் போய், “எங்க வீட்ல பிங்கி இருக்கு சார்,” என்று சொல்லிவிட்டாள்.

சூப்பர்வைசர் சிவலிங்கப்பா கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளுக்குப் பொரி பொட்டலம் கொடுக்கும்போது கூட ஒரு பிடி பூந்தி போடுகிறவர். ஆனால் அவரிடம் ராக்கி என்று ஓர் ஆண் பாம் இருந்தது.

“ஃபீமேலா? ஏழுமலை, சொல்லவே இல்லியே நீ! நம்ம ராக்கிக்கு ஒரு வருஷமா ஜோடி தேடிட்டிருக்கேன். ஃபர்ஸ்ட் குட்டி நமக்கு, ஆயித்தா?”

அதுதான் அன்றைய வழக்கம். ஆண் நாயைக் கொடுத்தவருக்கு முதல் குட்டி. இருப்பதில் எது கொழுகொழுவென்று இருக்கிறதோ அதை அவர் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்க வேண்டும்.

“அதுக்கென்ன சார், உங்களுக்கு இல்லாததா,” என்றார் என் வீட்டுக்காரர். அவர் கை, பூச்சரம் போட்டிருந்த லேத் மெஷின் மேல் இருந்தது.

“பூஜை நாள்ல மெஷின் மேல கைய வெச்சு சொல்லிட்டாம்ப்பா! இனி மாறக்கூடாது!” என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சிரிப்பிலேயே வெல்டிங் செய்கிறவர் ஒரு குட்டி கேட்டார். கேன்டீன்காரர் ஒன்று, செக்யூரிட்டி ஒன்று. பொரி தீருவதற்குள் நாலு குட்டிகள் போய்விட்டன. வீட்டுக்கு வந்ததும் கீழ்வீட்டு ஓனரம்மாவுக்கு ஐந்தாவது.

பிங்கிக்கு அப்போது வயது ஏழு மாதம்.

அந்தச் சமயத்தில் அவருடைய செக்ஷனில், அவருக்கு ஒரு படி மேலே, சார்ஜ்மேன் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்ற பேச்சு இருந்தது. அது எனக்கும் தெரியும். அதனால்தான் பஸ் ஸ்டாப் வரும் வரை வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“உன்னை என்ன கேக்கணும்? நீயா குட்டி போடப்போற?”

பஸ் வந்துவிட்டது. பெண்கள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு யஷ்வந்த்பூர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ராக்கி பெண் பார்க்க வந்தது

மறுவாரம் பிங்கியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். கல்யாணமாகி ஓராண்டு ஆகியிருக்கும். கிளினிக் அவளுடைய மாமனாருடையது. அவள் பிங்கியின் இடுப்பை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

“இவ ரொம்பச் சின்னவ. இடுப்பு எலும்பு குறுகலா இருக்கு. இவளைவிடப் பெரிய நாயோட சேர்த்தா குட்டி வெளியே வராது. வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும். அப்பவும் பிழைப்பாளான்னு நான் சொல்ல மாட்டேன்.”

“அப்ப கர்ப்பப்பை எடுக்குற ஆபரேஷன் எப்பம்மா பண்ணலாம்?”

“மொதல் ஹீட், அதாவது இணை சேர்ற பருவம், வர்றதுக்கு முன்னாடியே பண்ணிடலாம். ஒருவேளை வந்துருச்சுன்னா ரெண்டு மூணு மாசம் பொறுத்துப் பண்ணணும். ஆனா அடுத்தது வர்றதுக்குள்ள முடிச்சிடணும்.”

இதை வீட்டில் சொன்னேன். “டாக்டர் வேற என்ன சொல்லுவாங்க? ஆபரேஷன் பண்ணாத்தானே அவங்களுக்கு வரும்படி,” என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முடிந்தது.

நான் லீவு கேட்டு, தேதி கேட்டு நிற்பதற்குள் பிங்கிக்கு வந்துவிட்டது. சின்னவளுடைய பழைய ஜட்டியில் வாலுக்கு ஓர் ஓட்டை போட்டு மாட்டிவிட்டேன். தெருநாய்கள் மாடிப்படி கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தன. செய்தி பீன்யா வரைக்கும் எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்க வேண்டாம், கொண்டுபோன ஆள் என் கையால் டிபன் கட்டிக்கொண்டு போனவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாருதி வேன் வந்து நின்றது. சிவலிங்கப்பா, அவர் மனைவி, ராக்கி. ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை, பேக்கரி மிக்ஸ்சர். அந்தம்மா முதல் வேலையாகப் பிங்கியின் நெற்றியில் குங்குமம் வைத்தார். விளையாட்டுக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள். பஜ்ஜி சொஜ்ஜி மட்டும்தான் பாக்கி.

ராக்கியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. பிங்கியைப் போல இரண்டு செய்யலாம் அந்த உடம்பில். வாசலில் நின்றே மூச்சு வாங்கிக்கொண்டு கயிற்றை இழுத்தது. பிங்கி காஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

“அதெல்லாம் இயற்கை பாத்துக்கும்மா,” என்றார் சிவலிங்கப்பா. “ஒரு தடவை பெத்தாத்தான் பெண் ஜன்மம் முழுசாகும்,” என்றார் அவர் மனைவி. என் வீட்டுக்காரர் மிக்ஸ்சர் தின்றுகொண்டிருந்தார்.

“இவ்ளோ தவிக்குதே, அப்ப ராக்கிக்கு ஆபரேஷன் பண்ணிடலாமே சார்? ஆணுக்குப் பண்றது சுலபமாம், டாக்டர் சொன்னாங்க,” என்றேன்.

சிவலிங்கப்பாவின் கை தன்னையறியாமல் ராக்கியின் தலைமேல் போய் உட்கார்ந்தது. “ச்சே ச்சே, பாவம்மா!” என்றார். அந்த முகத்தை நான் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். எங்கள் கம்பெனிக்குக் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேச வந்த நர்ஸ், ஆண்களுக்கும் செய்யலாம் என்று சொன்னபோது, லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோருக்கும் இதே முகம்தான் இருந்தது. கத்தி ஆண் பக்கம் திரும்பினால் பாவம். பெண் பக்கம் திரும்பினால் இயற்கை.

நான் சிலிண்டருக்குப் பின்னால் கை விட்டுப் பிங்கியை எடுத்தேன். மொட்டை மாடிக்கு ஏறிப் போய்க் கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன்.

“மானத்த வாங்காத சாந்தி, கதவைத் தொற,” என்று உள்ளே இருந்து குரல் வந்தது. முதலில் அதட்டலாக, பிறகு கெஞ்சலாக. நான் அசையவில்லை. மூன்று ரயில் போயிற்று. கடைசியில் வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு பதினோரு நாள் அவர் என்னோடு பேசவில்லை. “உங்கம்மாகிட்ட உப்பு கம்மின்னு சொல்லு,” என்று பெரியவள் மூலமாகத்தான் குடித்தனம் நடந்தது.

ஆளுக்கொரு தேதி

ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்றாளே டாக்டர். அந்த மாதங்களில் ஒக்கலிபுரத்தில் எனக்கு அறிவுரை சொல்லாத ஆள் கிடையாது.

ஓனரம்மா, “ஒரு ஈத்து ஆகட்டும். தாயாகாம வெச்சா அந்தச் சாபம் வீட்டுக்குத்தான்,” என்றார். அந்த வீடு அவருடைய வீடு என்பதால் நான் தலையாட்டி வைத்தேன். எதிர்வீட்டு ரிட்டயர்டு ரயில்வேக்காரர், ஆபரேஷன் பண்ணினால் குண்டாகிவிடும், காவல் காக்காது என்றார். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் என் மடியில் ஏறுகிறவள் பிங்கி, அவள் காவல் காத்துத்தான் எங்கள் சொத்து நிற்கப்போகிறதாக்கும். இரண்டு வயசுக்கு மேல்தான் என்றார் ஒருவர். அஞ்சு வயசு வரை விட்டுப் பார்க்கலாமே என்றார் இன்னொருவர்.

தேதி குறித்துக் கொடுத்த ஒருவராவது அவள் தட்டைக் கழுவியிருக்க வேண்டும், அல்லது ஒரு நாள் அவள் வாந்தியைத் துடைத்திருக்க வேண்டும். இல்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் தேதி சொல்லவில்லை. “அடுத்த தடவை பாத்துக்கலாம்,” என்றார். அடுத்த தடவை என்றால் அடுத்த ஹீட், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அடுத்த மாருதி வேன்.

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் இனி யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

அடுத்த தடவை

சின்னவள் பிறந்தபோது நான் ஊதுவத்திக் கம்பெனியில் இல்லை. பீன்யாவிலேயே ஒரு எலக்ட்ரானிக்ஸ் யூனிட்டில் சர்க்யூட் பலகையில் சால்டரிங் செய்துகொண்டிருந்தேன். நல்ல வேலை. வெள்ளைக் கோட்டு, தனி ஸ்டூல், சீக்கிரம் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு பிரசவமும் எனக்குக் கஷ்டமானவை. இரண்டாவது முடிந்ததும் ஆஸ்பத்திரியிலேயே பெரிய டாக்டர் சொல்லிவிட்டார், இதோடு போதும், இங்கேயே ஆபரேஷனை முடித்துக்கொண்டு போ என்று. நானும் சரி என்றேன். நர்ஸ் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

“வீட்டுக்காரரு கையெழுத்து?”

அவர் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஃபாரத்தை வாங்கிப் படித்தார். மடித்தார். “ரெண்டும் பொண்ணாப் போச்சு. அடுத்த தடவை பாத்துக்கலாம் சாந்தி. இப்ப வீட்டுக்குப் போலாம்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சினிமாவுக்கு டிக்கெட் கிடைக்காதபோது சொல்வாரே, அந்த மாதிரி.

அடுத்த தடவை வந்தது. ஐந்தாம் மாதம் ஸ்டூலிலிருந்து எழுந்தபோது வெள்ளைக் கோட்டு முழுக்க நனைந்துவிட்டது. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழந்தை தங்கவில்லை. இரண்டு மாதம் படுக்கையில் இருந்துவிட்டுப் போனபோது என் ஸ்டூலில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் அந்த ஆபரேஷன் ஃபாரத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் எடுக்கவில்லை. சின்னவள் ஸ்கூலுக்குப் போகத் தொடங்கினாள், நான் ஊதுவத்தி கட்டப் போனேன், வருஷங்கள் ஓடின.

மனிதனையும் நாயையும் ஒன்றாக வைத்து எழுதுகிறாளே என்று யாராவது முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். ஒன்றாக வைத்தது நான் இல்லை. இரண்டு ஃபாரத்திலும் ஒரே இடத்தில் ஒரே கையெழுத்தைக் கேட்டவர்களிடம் போய்க் கேளுங்கள்.

பேக்கரியில்

ஆகவே ஒரு புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல், அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒயர் கூடையோடு கிளம்பிவிட்டேன். போன இடத்தில்தான் அந்தக் கேள்வி. யஜமானரு எங்கம்மா.

டாக்டர் பெண் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்துத் தலை குனிந்தாள்.

“எனக்குப் புரியுதும்மா. ஆனா மாமா போட்ட ரூல். ஒரு தடவை ஒருத்தர் வந்து பெரிய சண்டை போட்டுட்டாரு. உங்க வீட்டுக்காரரு வர முடியலைன்னா போன்லயாவது சொல்லட்டும். நான் உடனே ஆரம்பிச்சிடறேன்.”

வயிற்றைக் கிழித்துத் தைக்கத் தெரிந்த கை அது. மாமனார் எழுதி ஒட்டிய காகிதத்தைத் தாண்டத் தெரியவில்லை. அவள் மேல் கோபப்படுவதா, அவளுக்காகக் கோபப்படுவதா என்று எனக்கே தெரியவில்லை.

கிளினிக் போனுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. பக்கத்துப் பேக்கரியில் ஒரு காயின் போன் இருந்தது. நான் கூடையோடு முன்னால் போக, பச்சை ஏப்ரனும் கையில் ஃபாரமுமாகக் கம்பவுண்டர் பின்னால் வந்தார். பேக்கரிக்காரர் பன் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தார்.

பீன்யா தொழிற்சாலையில் அவர் செக்ஷனுக்கு இருப்பது ஒரே போன். அது இருப்பது சிவலிங்கப்பாவின் மேஜையில். அது தெரிந்துதான் காசைப் போட்டேன்.

“ஹலோ, யாரு?”

“சார், நான் ஏழுமலை வீட்ல பேசறேன். அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க.”

“ஏன்ம்மா, பிள்ளைங்களுக்கு ஏதாவது?” குரலில் நிஜமான பதற்றம்.

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. எதற்குச் சொல்ல வேண்டும்?

“இல்ல சார். பிங்கிக்கு ஆபரேஷன். அதுக்கு அவரு சம்மதம் வேணுமாம்.”

அந்தப் பக்கம் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. அவர் நிதானமாக, “அவசரப்படாதீங்கம்மா. பூஜை அன்னிக்கு மெஷின் மேல கைய வெச்சுக் கொடுத்த வாக்கு. பத்துப் பேரு பாத்திருக்காங்க,” என்றார்.

“அவரைக் கூப்பிடுங்க சார்.”

பீப் பீப் என்றது. இன்னொரு காசு போட்டேன். அவர் வந்தார்.

“என்ன சாந்தி, இங்க போய் போன் பண்ணிக்கினு,” என்றார் அடிக்குரலில். எதிரே சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

“சாயந்திரம் பேசிக்கலாம். வீட்டுக்குப் போ.”

“வீட்டுக்குப் போ,” என்றேன் நானும். “இதேதாங்க அன்னிக்கும் சொன்னீங்க, ஆஸ்பத்திரி வாசல்ல. அடுத்த தடவை பாத்துக்கலாம், வீட்டுக்குப் போலாம்னு. அடுத்த தடவை என்னா ஆச்சு? சொல்லுங்க, என்னா ஆச்சு?”

நான் கத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. தில்பசந்த் வாங்க வந்த ஓர் அம்மாள் கையில் பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிட்டார். கம்பவுண்டர் பிஸ்கட் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவளுக்குக் குட்டி தங்கினா இவ செத்துடுவான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. செத்தா உங்க சார் ராக்கிக்கு வேற ஜோடி தேடிக்குவாரு. நான் எங்க போய்த் தேடறது? நான் பொழச்சு வந்தது ஏதோ என் நேரம். எல்லாருக்கும் அப்பிடி நடக்காதுங்க.”

பிங்கி கூடைக்குள்ளிருந்து தலையை நீட்டி, போன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவலிங்கப்பா அந்தப் பக்கம் கன்னடத்தில் என்னவோ சொன்னார். மறுபடியும் பீப் வந்தது. என் கையில் காசு தீர்ந்திருந்தது. பேக்கரிக்காரர் கேட்காமலேயே கல்லாவிலிருந்து ஒரு காசை எடுத்துப் போட்டார்.

“கம்பவுண்டர் இருக்காரா? குடு,” என்றார் என் வீட்டுக்காரர்.

கம்பவுண்டர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினார். “ஹூம் சார்... சரி சார்...” என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பண்ணச் சொல்லிட்டாரும்மா. மத்தியானம் லீவு போட்டுட்டு வந்து சைன் ஹாக்கறாராம்.”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. மாதக்கணக்கில் நான் சொன்னேன், கெஞ்சினேன், மொட்டை மாடியில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டரே என் பக்கம் இருந்தாள். ஒன்றும் நகரவில்லை. ‘பண்ணிடுங்க’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதும் ஆபரேஷன் ரூம் கதவு திறந்துவிட்டது. அந்த வார்த்தை என் வாயிலும்தான் இருந்தது.

அதே சமயம் இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அந்த வார்த்தையை அவர் சூப்பர்வைசர் முகத்துக்கு எதிரே நின்று சொல்லியிருந்தார். சார்ஜ்மேன் வேலை அடுத்த மாதம் வேறொருவருக்குப் போயிற்று. அந்த ஆள் வீட்டில் நாயே கிடையாது. ஆனாலும் செக்ஷன் முழுக்க, ஏழுமலை சம்சாரத்தால்தான் போயிற்று என்று பேசிக்கொண்டார்கள்.

ஆட்டோவில்

இரண்டு மணிக்கு அவர் வந்தார். விரலிடுக்கில் கிரீஸ்கூடக் கழுவவில்லை. கையெழுத்துப் போட்ட ஃபாரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் அடையாளம் விழுந்தது.

பிங்கியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. பஞ்சு மாதிரி இருந்த வயிற்றில் முடியைச் சிரைத்துவிட்டு, பாண்டேஜ் ஒட்டியிருந்தார்கள். நன்றாக ஆகிவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை என்றாள் டாக்டர் பெண். என் கையை ஒரு நிமிஷம் பிடித்துவிட்டு விட்டாள்.

ஆட்டோவில் அவளை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒக்கலிபுரம் ரயில்வே பாலத்துக்கு அடியில் வழக்கம்போல எல்லா வண்டியும் நின்றுவிட்டது. மயக்கம் தெளியத் தொடங்கி, பிங்கி மெல்லிய குரலில் அனத்தினாள். காலை உதைத்தாள். சுற்றியிருந்த துணி விலகியது. பாண்டேஜின் ஓரத்தில் ஒரு தையல் வெளியே தெரிந்தது, கறுப்பு நூல் முடிச்சு.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடப் போனவர், கிரீஸ் கை என்பதால் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“உனக்கு அன்னிக்கு ரொம்ப வலிச்சுதா?” என்று கேட்டார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஆறு வருஷம். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பாயில், நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு ஆறு வருஷம் இருந்தவர். ஒரு நாயின் வயிற்றில் தையலைப் பார்த்த பிறகுதான் என் வயிறு ஞாபகம் வருகிறதா? அவரை அந்த இடத்திலேயே ஆட்டோவை விட்டு இறக்கிவிட வேண்டும் போல இருந்தது.

தலைக்கு மேல் ரயில் போகத் தொடங்கியது. நீளமான கூட்ஸ். எதுவும் பேச முடியவில்லை. அது போய் முடிந்தபோதும் அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதை விட்டுவிடவில்லை.

“இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?” என்றேன்.

அவரால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, கை முழுக்கக் கிரீஸ். முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. ஆட்டோக்காரர் கியரைப் போட்டார்.

“வலிச்சுது,” என்றேன். ஆட்டோக்காரருக்கும் கேட்கும்படி, சத்தமாகவே சொன்னேன்.